எடைக்கு எடை வெல்லம்

மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் நாலு பேர் நடுவில் பிரிக்க மனமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சோற்றை வடித்து வைத்துவிட்டுத்தான் படித்தேன். உன் நைனா போய் மூன்று வருஷமாகியும் ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு வரவில்லை. கை அரிசியைக் கூடவே அள்ளிவிடுகிறது. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். இதைக் குறையாக எழுதவில்லை. உன் கடிதத்தை எந்த மாதிரி வீட்டில் உட்கார்ந்து படித்தேன் என்று நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலை பால்காரர் வரும் வரை இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. அதனால் ஒரு கடிதம் வந்தால் அதை நிறைய தடவை படிக்கிறேன். உன்னுடையதையும் அப்படித்தான்.

கடிதம் முழுக்க உன் பெண் வித்யாதான். ஆறு வயதுக்கு அவள் கனம் அதிகம் என்று டாக்டர் சொன்னது, ஷூ லேஸ் கட்ட வராதது, தினம் ஒரு டம்ளரைத் தவறவிடுவது, பள்ளி ஆண்டு விழா டிரில்லில் மற்றக் குழந்தைகள் திரும்பி முடித்த பிறகு இவள் திரும்புகிறாள் என்று வரிசையிலிருந்து எடுத்துவிட்டது எல்லாம் எழுதியிருக்கிறாய். அதற்கு நீ செய்கிற வைத்தியத்தையும் எழுதியிருக்கிறாய். விடிந்ததும் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். ராத்திரிக்கு ஒரே ஒரு சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எடை மெஷினில் ஏற்றி, அது தள்ளுகிற அட்டையைப் போன வாரத்து அட்டையோடு வைத்துப் பார்ப்பது. உடம்பு குறைந்தால் கையும் காலும் தானாகச் சொன்னபடி கேட்கும் என்பது உன் கணக்கு. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வித்யாவை எழுத வைத்திருக்கிறாய். எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஒன்று மேலே, ஒன்று கீழே. நாக்பூரில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு நம் ஊர்ப் பேச்சை நீ கொடுத்திருப்பது தெரிந்தது. "ஆயா, நா கொறஞ்சிட்டேன். இன்னும் கொஞ்சம் கொறஞ்சா பரீட்ச லீவுக்கு உங்க வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்னு அம்மா சொல்லிச்சி. ராத்திரி பசிச்சா நா தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கறேன்."

அந்தக் கடைசி வரியை நீ படித்துப் பார்த்தாயா என்று தெரியவில்லை. நான் படித்துவிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு முன்னால் நான் பரிசாக வைக்கப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் என்னைப் பார்த்தது நாலு வயதில், உன் நைனாவின் வருஷத் திவசத்துக்கு நீ வந்தபோது. என் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவிருக்காது. ஆனாலும் என்னிடம் வருவதற்காக ஒரு பிள்ளை ராத்திரியில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறது. நீ வரவேண்டும், அவளைக் கூட்டி வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை நான் உனக்கு எழுதியதே இல்லை. எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்த விலைக்கு அவள் இங்கே வர வேண்டாம்.

நடுவில் எனக்கும் உன் நைனாவுக்கும் மூன்று வரி ஒதுக்கியிருக்கிறாய். "நீங்கள் எல்லோரும் சேர்ந்து தின்னவைத்தே என்னைக் கெடுத்தீர்கள். தராசு என்னைத் தாங்காது என்று எனக்குப் பதில் நைனா ஏறின கதை எனக்குத் தெரியாதா? என் பெண்ணுக்கு அந்த நிலை வர விடமாட்டேன்." முதல் வரியில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் துளியும் இல்லை. இரண்டையும் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வித்யாவுக்கு நீ செய்வது எல்லாம் இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் புறப்படுகிறது.

நீ எட்டாம் மாதத்தில் பிறந்தாய். ஒரு கையில் அடங்குகிற பிள்ளை. என் மாமியார் வீட்டில் யாருக்கும் நீ தங்குவாய் என்ற நம்பிக்கை இல்லை. காவாந்தண்டலத்தில் இருந்த உன் அத்தைதான், உன் நைனாவின் அக்கா, தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து பழைய வேட்டியில் பஞ்சு வைத்துச் சுற்றி உன்னை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் வருஷம் திரும்புவதற்குள் போயிருந்தன. மிஞ்சியது சேகர் ஒருவன். அவள்தான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் பத்து வயது முடிகிற வரை ஆடிக்கு ஆடி எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று. எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நீ பிழைத்தது அத்தையின் உடம்புச் சூட்டால் என்றுதான் விலங்கியல் படித்த நான் நினைத்தேன். ஆனால் அந்தச் சூட்டையும் அந்த வேண்டுதலையும் பிரித்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாலைந்து வருஷம் அது அழகான காரியமாகத்தான் இருந்தது. நெல் மண்டியிலிருந்து சங்கிலி கட்டிய பெரிய தராசை மாட்டு வண்டியில் கொண்டுவந்து கோயில் புங்கமரக் கிளையில் மாட்டுவார்கள். ஒரு தட்டில் நீ, மறு தட்டில் மண்டை வெல்லம். போன ஆடியைவிட இந்த ஆடிக்கு ஒரு வெல்லம் கூடினாலும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. ஒரு வருஷம் உனக்குக் கணமாந்தம் வந்து உடம்பு கொஞ்சம் வற்றியிருந்தது. எடை போன ஆடி அளவுக்குத்தான் நின்றது. அம்மனுக்குக் குறைத்துக் கொடுத்ததுபோல் அத்தை பயந்துவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து வைகாசி பிறந்ததும் நெய் டின்னோடு நம் வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவாள். காலையில் உளுந்தங்களி, பகலில் நெய்ச் சோறு, சாயங்காலம் பொருளங்கா உருண்டை. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும். நீ எழுந்து வாசல் வரை போவாய். உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏ கொயந்த, எங்க ஓடுற? ஓடுனா எளச்சிடுவ. இங்க வந்து குந்து."

நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஓடற வயசுல ஓடணும் அண்ணி. எலும்பும் சதையும் அப்பதான் பழகும்."

"நீ படிச்ச புஸ்தகத்துல கொயந்த எப்டி பொயக்கும்னு போட்டு கீதா? ரெண்டு பொண்ண மண்ணுல போட்டவ நானு. எனக்கா சொல்ற?"

உன் நைனாவிடம் சொன்னேன். "நீ சொல்றது சரிதாம்மே. அக்காகிட்ட யாரு பேசறது? வருசத்துக்கு ரெண்டு மாசந்தான. ஆடி தாண்டிட்டா ஓடட்டும்" என்றார். அந்த இரண்டு மாதம் என்பது கோடை விடுமுறையும் அதை ஒட்டிய நாட்களும். மற்றப் பிள்ளைகள் மரமேறி, கிணற்றில் குதித்து, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்றுக்கொள்கிற காலம். அதில் நீ வருஷா வருஷம் உள்ளே குந்தியிருந்தாய். பிறகு வெளியே போனால் அவர்கள் வேறு ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். உனக்குப் பழைய ஆட்டமே வராது. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்து மறுபடி உட்காருவாய். உட்கார உட்கார உடம்பு போடும். நாங்கள் உன்னைத் தின்னவைத்தோம் என்று நீ எழுதியிருக்கிறாய். தின்னவைத்ததைவிட உட்காரவைத்ததுதான் பெரிது என்பது என் எண்ணம்.

எண்ணம் என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று சொல்லவில்லை. ஏனென்றால் சேகரும் அதே களியைத்தான் தின்றான். உன்னைவிட ஒரு வயது பெரியவன், உன்னைவிட அதிகமாகவே தின்பான், ஏரிக்கரைப் பனைமரத்தில் பாதி வரை ஏறிவிடுவான். தீனி ஒன்றே காரணம் என்றால் அவனும் தடுக்கி விழுந்திருக்க வேண்டும். இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது, அது உனக்கு நினைவிருக்காது. நெய் டின் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, நீ ஈர்க்குச்சி மாதிரி இருந்தபோதே, உன் வயதுப் பிள்ளைகள் நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் நடந்தாய். சட்டைப் பொத்தானை ஓட்டையில் நுழைக்க நீ படுகிற பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பொத்தான் மாட்டுவதற்கு யாரும் தன் உடம்பைத் தூக்க வேண்டியதில்லை. விரல் நுனியில் என்ன கனம் இருக்கிறது? உன் கையும் காலும் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொள்கிற ரகம். சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதம், சிலருக்குக் கணக்கு, உனக்கு இது. கூடுதலாகப் பழக்கம் வேண்டியிருந்த பிள்ளையை நாங்கள் பழக்கமே இல்லாமல் வைத்தோம். அதன்மேல் வந்து ஏறியதுதான் உடம்பு.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு உடம்புதான் தெரியும். நீ படித்த பள்ளியிலேயே நான் வேலை செய்ததால் எல்லாம் என் காதுக்கு வந்தது. கோலாட்டத்தில் நீ அடிக்கிற கோல் பக்கத்துப் பெண்ணின் விரலில் விழுந்தது என்று டிரில் டீச்சர் உன்னை எடுத்துவிட்டு, எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்ள உட்காரவைத்தார். என்னிடம் வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். கை ஒரு பக்கம் போவுது, கால் ஒரு பக்கம் போவுது. உடம்பு அப்படி. கொஞ்சம் எளச்சா தன்னால சரியாப் பூடும்" என்றார். அவர் நல்லவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. உன் கடிதத்தில் உன் கையெழுத்தில் அதே வார்த்தைகளைப் படித்தபோது, செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் அந்த டீச்சர் சொன்னதையே நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது தராசு விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயது நடந்த ஆடி. தராசுத் தட்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கும், காற்றுக்கே ஆடும். சிறு பிள்ளையாக இருந்தவரை யாராவது தூக்கி வைத்துவிடுவார்கள். அந்த வருஷம் நீயே ஏறு என்றார்கள். ஆடுகிற பொருள்மேல் ஒரு காலை வைத்து, அது நகர்வதற்குள் மறு காலை எடுத்து வைப்பது உன்னைப் போன்ற பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ ஒரு காலை வைத்தாய், தட்டு முன்னால் போனது. சங்கிலியைப் பிடித்தாய், அது திரும்பிக்கொண்டது. மல்லாந்து விழுந்தாய். சேகர்தான் முதலில் ஆரம்பித்தான். "அய்ய, மூட்ட அவுந்துக்கிச்சி டோய்!" பிறகு பங்காளிகளில் ஒருவர், "இன்னாடா இது, வெல்லம் பத்தாது போல கீதே, ஆலையையே இங்க கொண்ணாந்து வெச்சிடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்தது அதற்கில்லை. நீ எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நீயும் சிரித்தாய். அவர்களுக்கு முன்னால், அவர்களைவிடச் சத்தமாக. ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதே என்றுதான் பயந்தேன்.

உன் நைனா அதுவரை வெல்லக் கூடைப் பக்கம் நின்றிருந்தார். வந்து தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆடாமல் நிறுத்தினார். "குந்து கண்ணு" என்றார். நீ உட்கார்ந்தாய். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எடை போட்டு முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும்போதுதான் அக்காவிடம் பேசினார். ஆயுசில் அவர் அக்காவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். நீ என் மடியில் தூங்கிவிட்டிருந்தாய்.

"இத்தோட போதுங்க்கா. இனிமே பாப்பா ஏறாது."

"இன்னாடா பேசற? வேண்டுதல் இன்னும் ஒரு வருசம் கீது. சாமி காரியத்துல பாதில எயுந்துக்கினு போவ முடியுமா?"

"பாதில வுட வோணாம். வர்ற ஆடிக்கு நா ஏர்றேன்."

"நீயா? ஒனக்கா வேண்டிக்கினேன்?"

"என் பொண்ணுதான அது. அதும் எடைக்கு மேலயே போடறேன். சாமிக்கு இன்னா நஷ்டம்?"

அடுத்த ஆடிக்கு விடைத்தாள் திருத்த இருக்கிறது என்று சொல்லி நான் உன்னை என்னோடு வைத்துக்கொண்டேன். அவர் மட்டும் போனார். நடந்ததை அத்தைதான் வந்து என்னிடம் பொருமினாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டில் ஏறி உட்கார்ந்தாராம். பங்காளிகள் கேலி பண்ணினார்களாம். "வைடா, வை. நா இன்னா எயுந்து ஓடியா போயிடப் போறேன்?" என்று அவரும் அவர்களோடு சிரித்தாராம். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றைக்குத் தின்னத் தின்ன வெல்லம். அவர் திரும்பி வந்து என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நானும் அவர் பேசாததை ஏன் பேசவேண்டும் என்று இருந்துவிட்டேன். நம் வீட்டில் மூன்று பேரும் அப்படித்தான். அந்த இடைவெளியில் சேகர் உன்னிடம் வந்து, "ஒன்ன தராசு தாங்காதுன்னுதான் மாமா ஏறிச்சி" என்று சொல்லியிருக்கிறான். அவனும் சின்னப் பையன், வேடிக்கைக்குச் சொன்னான். நீ அதை இந்த வயது வரை வைத்திருக்கிறாய். மல்லிகா, நெல் மூட்டையைத் தனியாளாக முதுகில் ஏற்றுகிற மனிதர் உன் நைனா. உன்னைப் போல மூன்று பங்கு இருப்பார். உன்னைத் தாங்காத தராசு அவரை எப்படித் தாங்கியது என்று நீ ஒரு நாளும் யோசிக்கவில்லையா? கணக்கில் கெட்டிக்காரியான நீ இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. பார்க்க முடியாத அளவுக்கு அது உனக்கு வலித்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

அந்தத் தராசு நின்ற பிறகு நடந்ததைத்தான் நீ வித்யாவுக்காக நினைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் நைனா உன்னைக் கழனிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். சம்பா நடவு சமயம். வரப்பில் உன்னை முன்னால் நடக்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னால் வருவார். பிடிக்க மாட்டார். நான் ஒரு நாள் கூட வந்து, விழுந்துவிடுவாளே என்றேன். "வுயுந்தா சேறுதான, கல்லா?" என்றார். நீ அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் விழுந்தாய். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "வாத்தியாரம்மா பொண்ணு நமக்கு முன்ன கழனில எறங்கிட்ச்சி பாருங்கடி" என்று ஒருத்தி. "வுயுந்த எடத்துல பரம்பு ஓட்ட வோணாம்டி, சேத்த நல்லா சமமா அடிச்சி வுட்டுது" என்று இன்னொருத்தி. உன் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். அதே சமயம் நாற்றுக்கட்டோடு வந்த முனியம்மா வழுக்கி நடுச் சேற்றில் தொபுக்கென்று உட்கார்ந்தாள். இரண்டு மடங்கு சிரிப்பு. அவளும் திட்டிக்கொண்டே எழுந்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ என்னைக் கேட்டாய், "அம்மா, முனியம்மா எவ்ளோ ஒல்லி. அவங்களும் வுயுந்தாங்க இல்ல?" என்று. பதில் தேவையில்லாத கேள்வி. ஒல்லியானவர்களும் விழுவார்கள் என்பது உனக்கு அதுவரை தெரியாது.

தை அறுவடை வருவதற்குள் நீ தனியாக வரப்பில் தூக்கு எடுத்துக்கொண்டு போய் அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்தாய். அப்போது நீ இளைத்திருக்கவில்லை. அந்தத் தையில்தான் உன் பாவாடைகளின் இடுப்புத் தையலை எல்லாம் நான் பிரித்துவிட்டேன். உடம்பு ஏறியது, நடையும் வந்தது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று எல்லோரும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கண் முன்னால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது ஒரு பக்கமும் போயின. ஒரு பிள்ளையை வைத்து நான் உலகத்துக்கே விதி எழுத மாட்டேன். ஆனால் அந்த ஒரு பிள்ளையின் பெண்ணைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ எந்தக் காலத்திலும் ஓட்டக்காரி ஆகவில்லை. கோலாட்டத்தில் கடைசி வரை சேர்க்கவில்லை. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க உனக்குப் பொறுமை இல்லை. அதனால் எது குறைந்துவிட்டது?

எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. டாக்டர் சொன்னால் கேட்கவேண்டியதுதான். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பதானால் வீட்டில் எல்லோருக்கும் குறை. அவள் தட்டில் ஒரு சப்பாத்தியும் உங்கள் தட்டில் நாலும் இருந்தால் குழந்தை கற்றுக்கொள்வது வேறு பாடம். ஓட்டம் வேண்டாம். ஓட்டத்தில் அவள் எப்போதும் கடைசி, அது அவளுக்கே தெரியும். கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு நட. படியில் ஏறி இறங்கட்டும். பந்தைத் தூக்கிப் போடாதே, தரையில் உருட்டிவிடு. உருண்டு வருகிற பந்து கண்ணுக்கு அவகாசம் கொடுக்கும். ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்கும்போது எதிரில் உட்காராதே. உன் வலது அவளுக்கு இடது ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, உன் காலிலும் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டு. நேரமாகும். பள்ளி வண்டி போய்விடும் என்கிற அவசரத்தில் கற்றுக்கொடுக்காதே. அவள் டம்ளரைத் தவறவிட்டால் துடைக்கிற துணியை அவளிடம் கொடு. திட்டாதே, சிரிக்கவும் செய்யாதே. அவள் தானாகச் சிரித்துக்கொள்ள ஆரம்பித்தால் மட்டும் பயப்படு.

அந்த மெஷினுக்கு அவளைக் கூட்டிப்போகாதே. நாங்கள் எடை ஏறினால் சந்தோஷப்பட்டோம், நீ எடை இறங்கினால் சந்தோஷப்படுகிறாய். பார்க்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அம்மாவின் முகம் எப்படி இருக்கப்போகிறது என்று அந்த எடையைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உனக்கு அத்தைமேல் இருக்கிற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் பயத்தில் செய்தாள். நீயும் பயத்தில்தான் செய்கிறாய். அவள் பயந்தது பிள்ளை செத்துவிடும் என்று. நீ பயப்படுவது உன் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று. இரண்டாவது பயமும் சின்னதில்லை, அதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் சிரிக்கிறவர்களைத் திருத்த முடியாமல் குழந்தையின் சோற்றைக் குறைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பரீட்சை லீவு சித்திரையில். அதுவரை அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். நீ வைத்த கோட்டுக்கு அவள் வராவிட்டால் வாக்குத் தவறக்கூடாது என்று அவளை இங்கே கூட்டிவரவும் மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் வேறு வழி யோசித்தேன். பொங்கல் முடிந்ததும் இரண்டு வாரம் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் நைனா காரியத்துக்கு எடுத்ததற்குப் பிறகு நான் எடுக்கிற லீவு இதுதான். தலைமை ஆசிரியை, "இன்னா டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. செங்கல்பட்டில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சென்ட்ரலில் ரயில் ஏறினால் மறுநாள் நாக்பூர். வருகிற தேதியை உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

நீ கூப்பிடாமல் நான் உன் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. உன் கணவருக்கு இடைஞ்சலாக இருக்கலாம். உனக்குக் கோபமும் வரலாம். கோபமாக இருந்தால் ஸ்டேஷனுக்கு வராதே, விலாசம் கேட்டு நானே வந்துவிடுவேன். வந்தால் இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் நான் வாய் திறந்து பேசமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அங்கே நான் சமைக்கவோ சொல்லிக்கொடுக்கவோ வரவில்லை. அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வருகிறேன். எனக்கும் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே வித்யாவிடம் சொல்லிவிடு. ஆயா வருகிறாள் என்று சொல், போதும். எதற்கு என்று கேட்டால் அவளைப் பார்க்கத்தான் என்று சொல். அவள் சந்தோஷப்படுவதற்கு முன்னால், தான் இன்னும் எவ்வளவு குறைய வேண்டும் என்று உன்னைக் கேட்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கேட்டால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்து அவளுக்குப் பதில் சொல். என்ன சொல்வது என்று நான் எழுதித் தரப்போவதில்லை. அது உனக்குத் தெரியும்.

அம்மா